இடப்பக்கத்துப் பனை வரிசை

உட்காரும்மா. நிழல் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அந்த மூலையில் நின்றால் வெயில் மூஞ்சியில் அடிக்கும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வை, இந்த விலக்கு ரோட்டு நிறுத்தத்தில் யாரும் தொட மாட்டார்கள். என்ன, டயர் கிழிந்துவிட்டதா? உன்னை ஏற்றிக்கொள்ள வண்டி வருகிறதா? வரட்டும். எனக்கும் திருச்செந்தூர் பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதுவும் வந்தால்தான் நிச்சயம்.

எங்கிருந்து வருகிறாய்? தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளா? வேலையாகப் போகவில்லை, கோயிலுக்கு நேர்ந்துகொண்டும் போகவில்லை, சும்மா ஊர் பார்க்க. எத்தனை பேர்? எட்டுப் பேரா! மற்ற ஏழு பேரும் உன்னை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்கள். சைக்கிளில் கூட வருகிறவர்களை ஓர் அளவுக்கு மேல் நம்பக் கூடாதம்மா. இதை நான் சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்.

சிரிக்காதே. நானும் இதே ரோட்டில் மூன்று நாள் சும்மா சைக்கிளில் சுற்றியவன்தான். நாற்பத்தாறு வருஷம் ஆகிறது. என்னோடு வந்தவர் என் அத்தான், கூடப்பிறந்த அக்காவைக் கட்டியவர். பேர் கனகவேல். அந்த மூன்றாம் நாளில் ஒரு பொய் பிறந்தது. அதை நாற்பத்தாறு வருஷமாக அத்தான் சுமந்துகொண்டிருக்கிறார். இன்று மதியம் அதை அவர் தோளிலிருந்து இறக்கி வைக்கப் போனேன். போய்விட்டுத்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கல்யாணத்தைச் சொல்கிறேன். கல்யாணத்தைச் சொல்லாமல் சைக்கிளைச் சொன்னால் நீ என்னைத்தான் தப்பாக நினைப்பாய்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மாப்பிள்ளை பந்தலுக்குள் காலை வைக்கும்போது பெண்ணின் தம்பி எதிரே போய் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக வேண்டும். அக்கா பூரணத்துக்கு நான் ஒரே தம்பி. எனக்கு இருபது வயது. புது வேட்டி, புதுச் சட்டை. அத்தான் கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம், கரிசல்காட்டு ஆள். ஆறடி உயரம். நான் எவ்வளவு இருப்பேன், நீயே பார்க்கிறாய். அன்றைக்கும் இதே உயரம்தான்.

மாலையைத் தூக்கினேன். அவர் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் போட்டிருப்பேன். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு முழங்காலையும் மடக்கி, தரையில் உட்காரப் போகிறவர் மாதிரிக் குனிந்து, ஊர் கேட்கச் சொன்னார்:

“எட்டுதா மாப்ளே? இல்ல, குழி தோண்டி இறங்கணுமா?”

பந்தலே சிரித்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். என் அப்பா சிரித்தார். மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஊரில் எனக்குப் பேர் ‘எட்டாத மாலை’. சுயம்பு என்று அப்பா வைத்த பேர் ரேஷன் கார்டில்தான் இருந்தது. “ஏ எட்டாத மாலை, எங்கடே போற?” என்று பொடிப்பயல்கள்கூடக் கேட்டான்கள். ஒரு மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று யாருக்கும் தெரியவில்லை. “வெளையாட்டுக்குச் சொன்னாருல, நல்ல மனுசன்லா அவரு” என்றார்கள். நல்ல மனுஷன். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

அந்த உயரம்தான் அவருக்குக் கைமுதல். போலீஸ் வேலைக்குப் போட்டிருந்தார். உயரம் பார்த்தார்கள், மார்பு அளந்தார்கள், இரண்டிலும் தேறிவிட்டார். ஓட்டப் பந்தயம் மட்டும் பாக்கி. கல்யாணம் முடிந்து இருபதாவது நாள் பாளையங்கோட்டையில் ஓட வேண்டும். கரிசல்காட்டில் ஓடி ஓடிப் பழகிய கால், அது ஒரு விஷயமே இல்லை. காக்கிச்சட்டை மாப்பிள்ளை என்றுதான் அப்பா பெண்ணைக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்குவார் இல்லையா? அப்போது மச்சினன்தான் அவருக்குக் காவல்காரன், சமையல்காரன், எல்லாம். வெற்றிலை வாங்கிவர வேண்டும், குளிக்கத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க வேண்டும். நாலாம் நாள் அத்தான் சொன்னார்:

“மாப்ளே, நான் கடலச் சரியாப் பாத்ததே இல்ல. திருச்செந்தூர்ல கும்பலுக்குள்ள ஒரு முங்கு போட்டதோட சரி. வாரும், சைக்கிள எடுத்துட்டு ஒரு மூணு நாளு கரையோரமாவே சுத்திட்டு வருவோம்.”

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று, “வெயிலு மண்டையப் பொளக்கும். ஓடப்போற காலு” என்றாள். “சைக்கிள் மிதிச்சாக் காலு இன்னும் உரமாகும்” என்றார் அவர். அப்பாவும் போகச் சொல்லிவிட்டார். அத்தானுக்குக் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த புதுச் சைக்கிள். எனக்கு வீட்டில் கிடந்த பழையது. மிதித்தால் பத்தடிக்கு ஒரு தரம் செயின் கழலும். ஒரே மகன் நான், எனக்கு ஒரு புதுச் சைக்கிள் வாங்கித்தர அவருக்குத் தோன்றியதில்லை. இதையும் சேர்த்து வைத்துக்கொள்.

முதல் நாள் குலசேகரப்பட்டினம், மணப்பாடு. நீ வந்த வழிதான். அன்றைக்கு இவ்வளவு நல்ல ரோடு இல்லை. மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் சர்ச் இருக்கிறது பார், பார்த்தாயா? அங்கே ஏறி நின்று கடலைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

“மாப்ளே, இம்புட்டுத் தண்ணியும் உப்பா?”

“ஆமா அத்தான்.”

“ஒரு கொடம்கூட ஆருக்கும் ஆகாதா?”

“ஆகாது.”

“அடப்பாவமே,” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். கரிசல்காட்டுக்காரனுக்குத் தண்ணீர் அப்படி. “எனக்கு வேலை கெடச்சிட்டுன்னா குவார்ட்டர்ஸ் குடுப்பாக. உள்ளயே பைப்பு. ஒங்க அக்கா கொடத்தத் தூக்கிட்டுத் தெருவுல நிக்க வேண்டாம்,” என்றார். கல்யாணமாகி நாலு நாள்தான். அதற்குள் அவள் குடத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்.

அன்று மீனவர் ஒருவர் வீட்டில் சாப்பிட்டோம். அத்தானுக்கு மீன் பேர் ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அந்தக் கிழவருக்கு வாய் வலித்திருக்கும். “சீலா, ஊளி, பாறை” என்று பிள்ளை மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டார். நல்ல நடுத்துண்டு அவர் தட்டுக்கு வந்தது. எடுத்து என் தட்டில் போட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. கேட்காமல் கொடுப்பவன் உன்னை என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், சொல்லு? சின்னப் பையன் என்று நினைக்கிறான்.

இரண்டாம் நாள் பெரியதாழை தாண்டி உவரி. வழியில் என் செயின் எத்தனை தடவை கழன்றது என்று எனக்கு ஞாபகம் இல்லை. பதினைந்தாவது தடவையோ என்னவோ, அத்தான் இறங்கி, “நீரு இத ஓட்டும், அதக் குடும்” என்று புதுச் சைக்கிளை என் கையில் கொடுத்துவிட்டார். உவரி வரை நான்தான் அதில் போனேன். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. பின்னால் அவர் ஆறடி உடம்பை மடக்கிக்கொண்டு, என் ஓட்டைச் சைக்கிளில், பத்தடிக்கு ஒரு தரம் செயினை மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லா இருக்கிறது என்றுகூட நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். வந்த வழியே போகாமல் உள்வழியாகப் போகலாம், தேரியைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. காலையில் அவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தது நான்தான். கல் மாதிரி அடித்தேன். நல்ல மனதோடு அடித்தேன்.

தேரி பார்த்திருக்கிறாயா? நீங்கள் எல்லாம் ரோட்டோடு போய்விடுகிறீர்கள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நாலு திசையும் சிவப்பு மணல். புல் கிடையாது. காற்றடித்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அங்கங்கே பனை, நீள நீள முள்ளோடு உடை மரம். நேற்று இருந்த பாதை இன்று இருக்காது. எங்கள் ஆட்கள் பனை வரிசையைப் பிடித்துத்தான் நடப்பார்கள். அதில் சைக்கிளைக் கொண்டுபோகிறவர்கள் முதலில் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கி விடுவார்கள். டயர் சப்பையாக இருந்தால் மணல் மேல் மிதக்கும். கல் மாதிரி இருந்தால் கத்தி மாதிரி இறங்கும். இது கரிசல்காட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

தேரி ஓரத்தில் ஒரு டீக்கடை. பனையேறிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுக் கொடுத்தார்கள். புது மாப்பிள்ளை என்று தெரிந்ததும் கல்யாணக் கதை கேட்டார்கள். அத்தான் சொன்னார். சொன்னவர் சும்மா சொல்லியிருக்கலாம். எழுந்து, டீக்கிளாசைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலை மடக்கிக் குனிந்து காட்டினார். “எட்டுதா மாப்ளேன்னு கேட்டேன் பாத்துக்கிடும், எம் மச்சினன் மொகத்தப் பாக்கணுமே!” என்று என் தோளில் தட்டினார். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான்.

தோளில் தட்டியதை அன்புக்குத் தட்டினார் என்று நீ சொல்வாய். என் தோள் அவர் இடுப்புக்கு இருந்தது. அதனால்தான் கை அங்கே வந்தது.

டீக்கடையிலிருந்து வெளியே வந்தோம். தேரிக்குள் இரண்டு பனை வரிசை போகும். வலப்பக்க வரிசையைப் பிடித்தால் இரண்டு மைலில் அந்தப் பக்கம் அய்யனார் கோயில், ரோடு, எல்லாம் வந்துவிடும். இடப்பக்க வரிசை அரை மைல் போய், நட்ட நடுவில் ஒரு பெரிய மணல் குழியில் போய் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் ஒரே மாதிரி மேடுகள்தான். ஊர்க்காரனே திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்துத்தான் வருவான்.

“அத்தான், என் செயினு மணல்ல தாங்காது. நான் ரோட்ட சுத்தி வாரேன். நீங்க நேரே போங்க. கோயில்ல கருப்பட்டிக் காப்பி வாங்கி வச்சிக்கிட்டு நிப்பேன்,” என்றேன்.

“எந்த வரிச மாப்ளே?”

“இடது.”

“காத்து சரியா இருக்கா?”

“கல்லு மாதிரி இருக்கு. போங்க.”

இவ்வளவுதான் நான் பேசியது. எண்ணிப் பார், எத்தனை வார்த்தை. நான் நினைத்தது என்னவென்றால், குழி வரை போவார், டயர் புதையும், மூச்சு வாங்கும், நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திரும்பி வருவார். வந்ததும் நான் அந்த டீக்கடைக்காரர்களிடம் சொல்வேன்: “ஆறடி இருந்து என்ன செய்ய? வழி தெரியல பாருங்க.” அவ்வளவுதான். பந்தலில் நான் வாங்கியதில் கால்வாசி திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன்.

கோயிலுக்கு நான் வந்தபோது பதினொரு மணி. இரண்டு கிளாஸ் கருப்பட்டிக் காப்பி வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. என்னுடையதைக் குடித்தேன். சிரிப்பாக வந்தது. பன்னிரண்டு ஆயிற்று. வைகாசி வெயில், கோயில் கல்லில் கால் வைக்க முடியவில்லை. திரும்பி டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி ஆயிற்று. அவர் காப்பி ஆறிப் போயிருந்தது. ஆறியதை வீணாக்குவானேன் என்று அதையும் குடித்தேன்.

ஏன் தேடிப் போகவில்லை என்றுதானே பார்க்கிறாய்? போயிருக்கலாம். எனக்குத் தேரி தெரியும். நேரே இடது வரிசைக்குப் போயிருப்பேன். ஆனால் நேரே இடது வரிசைக்குப் போனால், அவர் அங்கேதான் இருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. அதனால் உட்கார்ந்திருந்தேன். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன் அம்மா.

நாலு மணிக்கு ஒரு பனையேறி அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். உதடு வெடித்திருந்தது. முகம் தேரி மண் நிறத்தில் இருந்தது. சைக்கிளைக் கடைசி வரை விடவில்லையாம், மாமனார் கொடுத்தது என்று தள்ளிக்கொண்டே அலைந்திருக்கிறார். செருப்பு வார் அறுந்து, கொதிக்கிற மணலில் வெறுங்கால். உடை முள் ஒன்று வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. பனையேறி பதநீர் கொடுத்து உட்கார வைத்து, வழியும் சொல்லியிருக்கிறான். “வலது வரிசயிலல்லா வரணும், சாமி? இடதுல போனா எமலோகத்துக்குத்தான் வழி” என்று என் முன்னாலேயே அவரிடம் மறுபடி சொன்னான்.

அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அன்றைக்கே காலில் விழுந்திருப்பேன், கதை முடிந்திருக்கும்.

கால் சீழ் பிடித்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஓட வேண்டிய நாள் அன்று அவர் கட்டிலில் கிடந்தார். அப்பா, அக்கா, அத்தானின் அம்மா எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். அப்பா கேட்டார்: “ஏல சுயம்பு, நீ வழி சொல்லலியா?” கட்டிலிலிருந்து அத்தான் சொன்னார்:

“சொன்னான் மாமா. வலது வரிச, வலது வரிசன்னு ரெண்டு தடவ தெளிவாச் சொன்னான். நான்தான் கேக்காம இடதுல போயிட்டேன்.”

பார்த்தாயா! ஒரே சொல்லில் என்னைக் கட்டிப் போட்டுவிட்டார். அவருக்குத் தெரியும். தெரிந்து என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதைவிட ஒரு மனுஷனுக்கு இன்னொரு மனுஷன் என்ன அநியாயம் செய்ய முடியும்? அடித்திருந்தால் வலி ஒரு வாரத்தில் போயிருக்கும்.

காக்கிச்சட்டை போயிற்று. குவார்ட்டர்ஸ் போயிற்று. அப்பா அவரைத் தன் கருப்பட்டிக் கடையில் உட்கார வைத்தார். நான் உட்கார வேண்டிய இடம், அதையும் சொல்லிவிடுகிறேன். காலை இழுத்து இழுத்து நடந்து, நாற்பது வருஷம் கருப்பட்டி நிறுத்துக் கொடுத்தார். வீட்டோடு மாப்பிள்ளை. நான் ஆறுமுகநேரிக்குப் போய் உப்பளத்தில் வேலை பார்த்தேன்.

அக்காவைச் சொல்கிறேன். அவளுக்கு அந்த வேலை போனது பொறுக்கவே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று இல்லை, நாற்பத்தாறு வருஷம். உப்பு வாங்கி வரச் சொல்லி அவர் மறந்துவிட்டால், “வலது எது இடது எதுன்னு தெரியாதவருகிட்டச் சொன்னேம் பாரு” என்பாள். பிள்ளைகள் பரீட்சையில் தோற்றால், “அப்பன் லெஃப்ட் ரைட் தெரியாத போலீசு, பிள்ளைக எப்படி இருக்கும்?” என்பாள். மருமகள் வந்த முதல் நாளே அவளிடம் இந்தக் கதையைச் சொன்னாள். அத்தான் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். நான் பொங்கலுக்குப் போவேன், கோயில் கொடைக்குப் போவேன், எதிரே உட்கார்ந்து சாப்பிடுவேன். அவள் சொல்வாள், அவர் சிரிப்பார், நான் சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்குவேன். என்னை அவர் ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டார். பார்த்தால் நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும் போல.

இன்றைக்கு விசேஷம். அவருடைய பேத்தி ஷர்மி போலீஸ் வேலைக்குத் தேறிவிட்டாள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தாளாம். தாத்தா உயரம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு. நாற்பது பேருக்கு மேல் இருக்கும். அவளுக்குப் பார்த்து வைத்திருக்கிற மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். முதல் பந்தியில் நானும் அத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். அக்கா சாம்பார்க் கரண்டியோடு வந்தாள். புதுச் சம்பந்தகாரர் ஒருவர், “போலீசு ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டுவைத்தார். போதாதா?

“ஏன், இவ தாத்தாவும் போலீசாக வேண்டியவருதான். கடலப் பாக்கப் போயி, வலது இடது தெரியாம மண்ணுக்குள்ள சுத்தி, வேலையத் தொலச்சிட்டு வந்தாரு. நல்லவேளை, பிள்ளைக்கு அந்தப் புத்தி வரல.”

பந்தி சிரித்தது. அந்தப் பிள்ளை ஷர்மி சிரிக்கவில்லை, “ஆச்சி, சும்மா இரு” என்றாள். அத்தான் சிரித்தார். எழுபது வயது. இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

நான் எழுந்து நின்றேன். கையில் சோறு. சொன்னேன்: “அக்கா, அத்தான் வழி தவறல. நான்தான் இடதுன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் சொன்னேன். மால போடுறப்ப சிரிச்சாங்கன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன். தேடியும் போவல. ஒம் புருசன் வேலையக் கெடுத்தது நான்தான்.”

முழுசும் சொல்லிவிட்டேன். ஒரு சொல் பாக்கி இல்லை. அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். சாம்பார் சொட்டுச் சொட்டாக அவள் சேலையில் விழுந்துகொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷமாக அவரை ஏசிய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அத்தான் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார். அவள் முகத்தையே பார்த்தார். அப்புறம் தொடையில் தட்டிச் சிரித்தாரே ஒரு சிரிப்பு!

“ஏ பூரணம், ஒந் தம்பிக்கு ரத்தத்துல சீனி கூடிப்போச்சு, பாத்துக்க! நான் இடதுல போனதுக்கு இவன் ஏன் அழுவுறான்? வலது வலதுன்னு ரெண்டு தடவ சொன்னானே, எங் காதுல இன்னும் கேக்கு. ஒக்காரும் மாப்ளே, ஒக்காந்து சாப்பிடும். ஏ, அவருக்கு ரெண்டு அப்பளம் கூட வை.”

“இல்ல அத்தான், பொய் சொல்லாதீங்க!” என்று கத்தினேன்.

“ஆருடே பொய் சொல்லுதா? வழி தப்புனவனுக்குத் தெரியாதா, எப்படித் தப்புனான்னு?”

அக்கா மூச்சு விட்டாள். அதை நான் கேட்டேன், அவ்வளவு பெரிய மூச்சு. என்ன சொன்னாள் தெரியுமா? சம்பந்தகாரர்கள் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எந் தம்பி மனசு தங்கம். அத்தான நான் நாலு பேரு முன்னால ஏசுறது பொறுக்காம, பழியத் தூக்கித் தந் தலையில போட்டுக்கிடுதான் பாருங்க.”

எல்லோரும் ‘ச்சு ச்சு’ என்றார்கள். சம்பந்தகாரர், “இப்படி ஒரு மச்சினன் கிடைக்கணுமே” என்றார். ஷர்மி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன். வாசல் வரை காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். “ஏன் அத்தான்? இப்பவாவது விட்டிருக்கலாமே. என்னைச் சாகுற வரைக்கும் இப்படியே வச்சிருக்கணுமா?” என்று கேட்டேன்.

“அவ மொகத்தப் பாத்தீரா?” என்றார்.

“பாத்தேன்.”

“பொறவென்ன?” என்றார். “வெயிலு, பாத்துப் போவும்.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். நீயே சொல், இது ஒரு பதிலா? அக்கா முகத்தில் என்ன இருக்கிறது? கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கொஞ்சம் வெளுத்துப்போயிருந்தாள், அவ்வளவுதானே. நான் செய்த தப்புக்கும் அவள் முகத்துக்கும் என்ன சம்பந்தம்? என்னைப் பழிவாங்குகிறார், வேறென்ன. மன்னிக்கிறேன் என்றும் சொல்ல மாட்டார், மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்ல மாட்டார். தப்பே நடக்கவில்லை என்கிறார். தப்பு செய்தவனை நாற்பது பேர் முன்னால் தங்கம் ஆக்கி அனுப்புகிறார்.

அதோ, வெள்ளை வண்டி வருகிறதே, உன்னுடையதா? மேலே கம்பி இருக்கிறது, சைக்கிள் கட்டுகிற வண்டிதான். போ, போ. அவர்கள் காத்திருப்பார்கள்.

ஒரு நிமிஷம் நில்லம்மா. நீ எனக்கு யாரோ. இனிமேல் என்னைப் பார்க்கப் போவதில்லை. எனக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் உனக்கு இல்லை. இடது என்று சொன்னது நான்தான். வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்து சொன்னேன். நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அவர் காப்பியையும் நான்தான் குடித்தேன்.

நீயாவது நம்புகிறாயா? தலையை ஆட்டாதே, தலையை எல்லோரும் ஆட்டுகிறார்கள். வாயைத் திறந்து சொல்.